ஒரு சிறுமியும் 2,000 டொலரும்

உங்கள் மகள் கணினியில் பாட்டு இறக்கினாள் என்பதற்காக வீட்டுக்கு வழக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? 2003 செப்டெம்பரில் அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்கள், இணையத்தில் பாடல்களைப் பகிர்ந்த 261 பேர்மீது வழக்குத் தொடுத்தன. அவர்களுள் ஒருத்தி நியூயோர்க்கின் அரசாங்கக் குடியிருப்பொன்றில் வாழ்ந்த 12 வயது மாணவி. பகிர்வு மென்பொருளுக்குக் கட்டணம் செலுத்தியிருந்ததால், அது அனுமதிக்கப்பட்டதென்றே எண்ணியிருந்ததாகத் தாய் கூறினார். அந்நாட்டுச் சட்டமோ, வேண்டுமென்றே மீறியதாக நிறுவப்பட்டால் ஒரு பாடலுக்கே 150,000 டொலர்வரை விதிக்க இடமளிக்கிறது. தாய் 2,000 டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டார்.

பாடியவரின் உழைப்பை விலையின்றி எடுத்துக்கொள்வது சரியென்று நாம் சொல்லவில்லை. (ஒரே இறுவட்டைப் பத்துப் பேர் படியெடுப்பது நம் பாடகர் குழுக்களிலும் நடந்ததுதானே!) இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம், ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடப் பணிக்கிறது. அதே அதிகாரந்தான், கடன் கொடுத்தவன் அடகைப் பெற அயலானின் வீட்டினுள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. உரிமை உள்ளவனுக்கே விதிக்கப்பட்ட எல்லை அது. நிறுவனங்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறந்தன.

2008 டிசெம்பரில், தனியாட்கள்மீது இவ்வாறு கூட்டாக வழக்கிடுவதைக் கைவிட்டதாக அவற்றின் சங்கம் அறிவித்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் அந்தத் தாயைப் போலவே பணம் கட்டியிருந்தனர்.