பலகையில் 3 டன், குழாயில் எவ்வளவு?

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி நீராவியை நம்பி ஓடும் தொழில்கள் நிறைய. ஒரகடம், கொளத்தூர் டயர் ஆலைகளில் டயரை அச்சில் இறுக்க அது வேண்டும். ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் கேன்டீன்களில் சோறும் சாம்பாரும் வேக அதுவே வேண்டும். பாய்லரின் அளவைக் கேட்டால் "ரெண்டு டன்", "மூணு டன்" என்பார்கள். ஒரு மணி நேரத்தில் அது எவ்வளவு தண்ணீரை ஆவியாக்கும் என்பதற்கான கணக்கு அது.

அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே போகும் தண்ணீர் ஏற்கெனவே 100 டிகிரியில் இருக்கிறது, வெளியே வரும் ஆவியும் அதே 100 டிகிரிதான் என்று வைத்துக்கொண்டே பெரும்பாலான விற்பனைத் தாள்களில் டன் போடுகிறார்கள். அப்படியானால் ஒரு கிலோவுக்கு 540 கிலோகலோரி போதும். நம் ஊரில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி. தேவைப்படும் அழுத்தமோ சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ. இதற்குக் கிலோவுக்குச் சுமார் 634 கிலோகலோரி பிடிக்கும். ஆகவே 3 டன் பாய்லர் உண்மையில் தருவது ஏறத்தாழ 2.55 டன். குளிர்ந்து தண்ணீராகிவிட்ட ஆவியைத் திருப்பிக் கொண்டுவந்து 80 டிகிரியில் செலுத்தினால் 2.77 டன் வரை கிடைக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீடு டேங்கின் அடிப்பரப்பு 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு வரும் எல்லாத் தண்ணீரையும் அடைத்துவிட்டு, புளோ டவுன் செய்யாமல் (பாய்லர் தண்ணீரைத் திறந்துவிடாமல்), பாய்லர் முழு நெருப்பில் ஓடும்போது ஒரு குச்சியால் மட்டத்தை அளங்கள். ஒரு மணி நேரத்தில் 80 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 2.4 டன்.

விடுபட்ட அந்த அரை டன் கடைசியில் பாய்லர் ஆபரேட்டரின் தலையில் விழுகிறது என்பதுதான் என் கவலை. "மூணு டன் பாய்லர்தானே, ஏன் ஸ்டீம் வரல?" என்று மேலிருந்து கேட்பார்கள். தாங்குவதற்கு மேல் ஆவியை இழுத்தால் அழுத்தம் சரியும், உள்ளே தண்ணீர் பொங்கும், கேஜ் கிளாஸ் பொய் மட்டம் காட்டும். ஆவியோடு தண்ணீரும் சேர்ந்து போய்க் குழாயை அடித்து உடைக்கும். ஈடுகட்டப் பெரிய பர்னர் மாட்டினால் ஆபத்து இன்னும் கூடும், ஏனென்றால் சேஃப்டி வால்வு பழைய அளவுக்குத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த வால்வை இயங்காமல் செய்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். யார் சொன்னாலும் அதில் கை வைக்காதீர்கள்.

சட்டம் டன்னைப் பார்ப்பதில்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் 2025 கொதிகலன்கள் சட்டத்திலும், ஃபீடு செக் வால்விலிருந்து மெயின் ஸ்டீம் வால்வு வரை உள்ள கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவானால் அது கொதிகலன் ஆகாது. அதனால் மணிக்குச் சில நூறு கிலோ ஆவி தரும் சுருள்குழாய் பாய்லர்கள் 'நான் ஐபிஆர்', அதாவது இந்தியக் கொதிகலன் விதிமுறைகளுக்கு உட்படாதவை என்று விற்கப்படுகின்றன. பதிவு தேவையில்லை என்பதால் அவற்றில் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. பதிவு செய்த பாய்லருக்குக் கட்டணமும் ஆபரேட்டரின் சான்றிதழ் தகுதியும் சூடேறும் பரப்பை, அதாவது சதுர மீட்டரை வைத்துத் தீர்மானிக்கப்படுகின்றன.

வாங்குகிறவர்கள் ஆர்டரிலேயே எத்தனை டிகிரித் தண்ணீரில், எந்த அழுத்தத்தில் எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள். வணிகத்துக்கு வாங்கிய இயந்திரத்துக்கு நுகர்வோர் ஆணையத்தை நாட முடியாது. சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சிறு சமையல் ஒப்பந்தக்காரருக்கு மட்டும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அந்த ஆர்டர் தாள்தான் சாட்சி.

வேலை செய்கிறவர்கள் பாய்லர் மேல் பொறித்த பதிவு எண், சான்றிதழில் உள்ள காலாவதித் தேதி, பிரஷர் கேஜின் சிவப்புக் கோடு மூன்றையும் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் தமிழ்நாடு கொதிகலன்கள் இயக்ககத்துக்கு எழுத்தில் புகார் தரலாம்.

2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் யூனிட் ஒன்றில் நடந்த பாய்லர் விபத்தில் அன்றே 6 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களில் மேலும் பலர் பின்னர் இறந்தார்கள். அப்போது அந்த யூனிட் உற்பத்தியில்கூட இல்லை. பாய்லர் நின்றிருக்கும்போது பக்கத்தில் போகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே எச்சரிக்கை தேவை.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் கொதிகலன் ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. இஎஸ்ஐ உறுப்பினருக்கு வேலையில் காயம்பட்டுத் தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இறந்தால் குடும்பத்துக்கும் அந்த விகிதத்தில் உதவித்தொகை உண்டு. இதற்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற விதி கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பொருந்தும். ஒப்பந்தக்காரர் சந்தாவைக் கட்டாமல் விட்டிருந்தால் முதன்மை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும்.