வில்லோ மட்டையை அழுத்துவது ஏன்?

கருக்குச் சீவிய பனைமட்டையால் கிரிக்கெட் ஆடாத பிள்ளை இராமநாதபுரம் கரையில் உண்டா? பிறகுதான் வில்லோ மட்டையின் மேல் ஆசை வருகிறது.

என் மாணவர் சிலர் காசு சேர்த்து அப்படி ஒன்று வாங்கினார்கள். அன்று மாலையே புதுத் தோல்பந்தில் ஆடினார்கள். நாலாவது ஓவரில் மட்டையின் அடிமுனை பிளந்துவிட்டது. "கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, சார்?" என்று கேட்டார்கள். இல்லை. விடை மரத்திற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு கன சென்டிமீட்டர் வில்லோவின் நிறை சுமார் 0.4 கிராம். மரத்தின் செல்சுவர்ப் பொருள் மட்டும் அதே அளவில் இருந்தால் அது சுமார் 1.5 கிராம். வகுத்துப் பாருங்கள். கட்டையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் கெட்டிப் பொருள், மற்றதெல்லாம் காற்றறைகள்! மட்டை இலேசாக இருப்பதும் இதனால்தான். மெத்தென்று இருப்பதும் இதனால்தான்.

இப்போது கடற்கரைக்கு வாருங்கள். தனுஷ்கோடியின் உலர்ந்த மணலில் ஒரு பந்தைப் போடுங்கள். எழும்பவே எழும்பாது. மணலை விலக்குவதிலேயே ஆற்றல் தீர்ந்துவிடுகிறது. அலை நனைத்து இறுகிய மணலில் போட்டால் சற்று எழும்பும். அழுத்தாத வில்லோ உலர்மணல் போன்றது. பந்து பட்டதும் குழி விழும்.

ஆகவே காஷ்மீரின் அனந்தநாக் மாவட்டத்திலும், மீரட்டிலும், ஜலந்தரிலும் உள்ள பட்டறைகளில் மட்டையின் முகத்தை உருளையால் பலமாக அழுத்துகிறார்கள். மேற்பரப்பை அடுத்த காற்றறைகள் நெருங்கி, அங்கே ஒரு கெட்டியான தோல் உண்டாகிறது. நிறை கூடுவதில்லை; பருமன்தான் சிறிது குறைகிறது.

அப்படியானால் இன்னும் அழுத்தினால் இன்னும் நல்லதா? அதுதான் இல்லை! செல்கள் நசுங்கிவிட்டால் முகம் வளைந்து மீளாது. அப்போது பந்தே அதிகமாக நசுங்க வேண்டும். நசுங்கும் பந்து ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கிறது. நார்களும் உடையும். அழுத்தம் குறைந்தால் குழி, மிகுந்தால் விறைப்பு. நடுவில் நிற்பதே கைத்திறன்.

உருளையின் அழுத்தம் ஓரங்களையும் அடிமுனையையும் சரியாக எட்டுவதில்லை. அந்தக் குறையை நாமே தீர்க்க வேண்டும். முகத்தில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். சில மணி நேரம் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி, பிறகு பழைய பந்தில் ஆடிப் பழக்குங்கள். ஓரங்களைச் சாய்வாகத் தட்டுங்கள். என் மாணவர்கள் விட்டுவிட்டது இதைத்தான்.

கடற்காற்றின் ஈரத்தையும் மறவாதீர்கள். அழுத்திய மரம் ஈரத்தை உறிஞ்சினால் உப்பி, பழைய மென்மைக்குத் திரும்பப் பார்க்கும். ஈர மணலில் மட்டையை ஊன்றி வைக்காதீர்கள்.

ஒரு சோதனை: பந்தை 100 செ.மீ. உயரத்திலிருந்து உலர்மணல், ஈரமணல், சிமெண்டுத் தரை மூன்றிலும் போட்டு, எழும்பும் உயரத்தை அளவுகோலால் அளந்து குறியுங்கள். 36 செ.மீ. எழும்பினால் ஆற்றலில் 36 விழுக்காடு மீண்டது. வேகத்தில் 60 விழுக்காடு மீண்டது. ஏன் இந்த வேறுபாடு? இயக்க ஆற்றலின் வாய்பாட்டை எழுதிப் பாருங்கள். விடை உங்களுக்கே தெரியும்.