அரிசிப் பானையும் நச்சு மாத்திரையும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நம்மவர் பலர் ஆரணியிலிருந்து அரிசி மூட்டைகளைத் தருவித்துச் சேமித்து வைப்பது வழக்கம். மழைக்காலம் வந்தால் வண்டும் உடன் வந்துவிடும்.

அண்மையில் திருப்பதியில் நாம் சென்றிருந்த இல்லத்தில் ஓர் அம்மையார் நம்மிடம் ஒன்று வினவினார். “கடைக்காரர் ஒரு மாத்திரை தருகிறேன் என்கிறார். அரிசிக்குள் போட்டு மூடினால், புகை போட்டதுபோல் வண்டெல்லாம் மடிந்துவிடுமாம். வாங்கலாமா, ஐயா?” அரிசி ட்ரம் இருந்ததோ குழந்தைகள் உறங்கும் அறையில்! வாங்குமுன் கேட்டாரே என்று நாம் பெருமூச்சு விட்டோம்.

வேப்பிலைப் புகையும் சாம்பிராணிப் புகையும் கண்ணுக்குத் தெரிபவை. கொசுவைச் சற்று விரட்டும், அவ்வளவே. அம்மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை வெளியிடும். 3 கிராம் மாத்திரையிலிருந்து 1 கிராம் வாயு பிறக்கும். அது கண்ணுக்குப் புலனாகாது; பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ சில வேளை தெரியும், சில வேளை தெரியாது. கதவிடுக்கு வழியே அடுத்த வீட்டுக்கும் செல்லும். அதற்கு முறிமருந்து இல்லை.

1965-இல் தோன்றிய இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலும் இம்மருந்தே பயன்படுகிறது. ஆனால் அங்கே மூட்டை அடுக்கின்மீது காற்றுப் புகாத விரிப்பைப் போர்த்தி, விளிம்பெங்கும் மணல் நிரப்பிய நீண்ட பைகளால் அழுத்துவர். பயிற்சி பெற்றோர் முகமூடி அணிந்து மாத்திரை வைப்பர். பல நாள் மூடிவைத்து, பின் காற்றாட விட்டபிறகே ஆட்கள் நெருங்குவர். மக்கள் உறங்கும் இல்லத்தில் இவற்றுள் எது இயலும்? அரசு அமைப்புகளுக்கும், பூச்சி ஒழிப்புப் பணியில் தேர்ந்தோர்க்குமன்றிப் பிறருக்கு இதனை விற்கச் சட்டம் இடந்தருவதில்லை. மளிகைக் கடையில் தாளில் மடித்துத் தருவது குற்றமே.

எவரேனும் முன்பே போட்டிருந்தால் நீர் ஊற்றலாகாது, வாயு மிகும். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு அனைவரும் உடனே வெளியேறுக. தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் கண்டால் திருப்பதியார் ரூயா அரசு மருத்துவமனைக்கும், சித்தூரார் அங்குள்ள அரசு மருத்துவமனைக்கும் விரைக. மருந்தின் பெயரை மருத்துவரிடம் மறவாது கூறுக.

அவ்வம்மையார் மறுநாளே அரிசியை முற்றத்தில் பாயில் பரப்பினார். வண்டுகளிற் பாதி தாமே ஓடின. எஞ்சியவற்றை முறத்தில் புடைத்து நீக்கி, நன்கு காய்ந்த டப்பாக்களில் சிறுகச் சிறுக அடைத்து வைத்தார். இனி ஒரு மாதத்திற்கு வேண்டிய அரிசியை மட்டுமே தருவிப்பதாகவும் கூறினார்.