உங்களுக்குத் தெரியுமா? கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்த கதை

பட்டா மாறுதலோ சான்றிதழோ, கிராமத்தில் முதலில் தேடப்படுபவர் வி.ஏ.ஓ. எனும் கிராம நிர்வாக அலுவலர். அந்தப் பதவிக்கு வயது ஐம்பதைக்கூடத் தொடவில்லை!

அதற்கு முன் ஊர்க் கணக்கு கர்ணத்திடம், வரி வசூல் கிராம முன்சீப்பிடம். சென்னை மாகாணத்தின் 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி பல ஊர்களில் இவை பரம்பரைப் பதவிகள். தந்தைக்குப் பின் மகன். சிட்டா, அடங்கல் எனும் நிலப் பதிவேடுகள் ஒரே குடும்பத்தின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்தால், நிலமற்ற ஏழையின் குரல் எப்படி எடுபடும்?

அரசுப் பதவிக்கு வாரிசுரிமை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் பழைய குடும்பங்களின் பிடி எளிதில் தளரவில்லை.

1980 நவம்பர் 14. எம்.ஜி.ஆர். அரசின் அவசரச் சட்டம், கர்ணம், முன்சீப் உள்ளிட்ட பகுதிநேர கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது; அவற்றின் இடத்தில் வி.ஏ.ஓ. பதவி வந்தது. பதவி இழந்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்; 1982-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

தமிழக நிர்வாகச் சீர்திருத்தங்களில் இதற்கு இணையான துணிச்சல் அரிது. பிறப்பு தீர்மானித்த நாற்காலியைப் படிப்பும் தேர்வும் தீர்மானிக்கத் தொடங்கின.

இன்று டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதி வி.ஏ.ஓ. ஆகலாம், குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு.