வில்லியின் அன்பு யாருக்கு?

'குழந்தைகள் புத்தகம்தானே, அதுல என்ன அரசியல்?' என்று கேட்கும் தீவிர வாசகர்களும், 'கெட்டவன் கெட்டவனாவே இருந்தாத்தான் பிள்ளைகளுக்குப் புரியும்' என்று சொல்லும் பெரியவர்களும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இளையோருக்கான மிகைபுனைவு எளிமையானது, எளிமையாகவே இருக்கவும் வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான நம்பிக்கை. ஆங்கில எழுத்தாளர் ஃபிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' (1995) இந்த நம்பிக்கையை உடைத்துப் போடுகிறது. 1997இலும் 2000இலும் வந்த அடுத்த இரு நாவல்களோடு சேர்ந்து இது ஒரு முத்தொகுதி. தொகுதியின் தலைப்பு மில்டனின் 'இழந்த சொர்க்க'த்திலிருந்து எடுக்கப்பட்டது. மில்டன் தன்னையறியாமல் சாத்தானின் பக்கம் நின்றவர் என்று பிளேக் வாசித்தாரே, அந்த வாசிப்பு மரபின் வாரிசு புல்மன்.

இந்த நாவலின் உலகில் மனிதரின் ஆன்மா உடம்புக்குள் இல்லை. விலங்கு உருவில் கூடவே நடக்கிறது. அதன் பெயர் டீமன். குழந்தைகளின் டீமன் நினைத்தபோது உருவம் மாறும். பருவமடையும் காலத்தில் ஒரே உருவில் நிலைத்துவிடும். வேலைக்காரர்களின் டீமன் பெரும்பாலும் நாய். கருத்தியல் ஆன்மாவரைக்கும் இறங்கி வேலை செய்யும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

'தூசி' என்கிற நுண்துகள் வளர்ந்தவர்களையே நாடுகிறது. அதை ஆதிபாவத்தின் தடயமாகப் பார்க்கிறது மாஜிஸ்டீரியம் என்ற திருச்சபை அதிகாரம். ஆகவே பருவமடையும் முன்பே பிள்ளையையும் டீமனையும் வெட்டிப் பிரித்துப் பார்க்க, வடக்கே பனிவெளியில் போல்வாங்கர் என்ற நிலையம் நடக்கிறது. அதை நடத்தும் வாரியத்தின் தலைவிதான் திருமதி கோல்ட்டர்.

அவள் பயங்கரமானவளாக அறிமுகமாவதில்லை. அழகி, அறிவாளி, கனிவாகப் பேசுகிறவள். லண்டன் லைம்ஹவுஸ் பகுதியில் திரியும் டோனி மக்காரியோஸ் என்ற ஏழைச் சிறுவனை சாக்லேட் பானம் காட்டி அழைத்துப்போகிறாள். பிள்ளைகள் சொல்லச்சொல்ல வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொள்கிறாள். கப்பல் போனதும் கடிதங்களை நெருப்பில் போடுகிறாள். பிறகு நாம் டோனியைப் பார்க்கும்போது அவன் ஒரு கொட்டகையில், வெட்டப்பட்ட டீமனுக்குப் பதிலாகக் காய்ந்த மீனொன்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருக்கிறான். அப்புறம் செத்தும் போகிறான்.

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு உத்தி இங்கே உண்டு. தோள்பையைக் கழற்ற மறுக்கிறாள் சிறுமி லைரா. கோல்ட்டரின் குரல் உயரவே இல்லை. ஆனால் அவளது டீமனான பொன்னிறக் குரங்கு, லைராவின் டீமனை அமுக்கிப் பிடித்து வதைக்கிறது. கனிவும் வன்முறையும் ஒரே ஆளின் இரண்டு உடம்புகளாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நாவல்களில் அந்தக் குரங்குக்குப் பெயரே கிடையாது.

போல்வாங்கரில் லைராவையே வெட்டும் கருவியில் வைத்துவிடுகிறார்கள். கோல்ட்டர் பாய்ந்து தடுக்கிறாள். காரணம், லைரா அவள் பெற்ற மகள். அதன்பின் மகளிடம், இது சின்ன வெட்டுதான், உங்கள் நன்மைக்குத்தான் என்கிற மாதிரி விளக்குகிறாள். லைரா கேட்கும் கேள்வி எளிமையானது: அவ்வளவு நல்லதென்றால் என்னை வெட்டவிடாமல் ஏன் தடுத்தாய்? தாயிடம் பதிலில்லை, சமாளிப்புதான் இருக்கிறது. அதிகாரத்தின் நியாயம் முழுவதும் இந்த இடத்தில் அம்பலமாகிவிடுகிறது. ஊரார் பிள்ளைக்கு மருந்து, தன் பிள்ளைக்கு விஷம்!

சரி, திருச்சபையை எதிர்க்கும் தகப்பன் அஸ்ரியேல் பிரபு? தன் சோதனைக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் மகள் வந்து நிற்பதைப் பார்த்து அதிர்கிறான். பின்னால் சமையலறைப் பையன் ரோஜர் நிற்பதைக் கண்டதும் நிம்மதியாகிறான். ரோஜரின் சாவில்தான் இன்னொரு உலகத்துக்குப் பாலம் திறக்கிறது. திருச்சபையும் கலகக்காரனும் ஏழைப் பிள்ளை விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இயக்கங்களில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.

மூன்றாம் நாவலில் கோல்ட்டர் தன் பொய்த்திறமை முழுவதையும் மகளுக்காகவே செலவிட்டு, எதிரியையும் இழுத்துக்கொண்டு அஸ்ரியேலோடு பாதாளத்தில் விழுகிறாள். அந்தப் பக்கங்கள் என்னை உலுக்கின. பலர் இதைப் பாவவிமோசனமாக வாசிக்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. பாத்திரம் சிக்கலானது என்பதற்கு அது மன்னிக்கப்பட்டுவிட்டது என்று பொருளாகாது. அவள் அன்பு உண்மையானதுதான். ஆனால் அது டோனியின் கணக்கைத் தீர்க்கவில்லை.

நாவலுக்குள்ளேயே இதற்கு மாற்று இருக்கிறது. படகுகளில் வாழும் ஜிப்டியன் மக்கள் பிள்ளைகளை மீட்கக் கூடும்போது, வெளியார் பிள்ளைகளையும் மீட்க வேண்டுமா என்று ஒருவன் கேட்கிறான். ஆபத்தைத் தாண்டி அங்கே போய், சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட்டு வருவதா என்று தலைவர் ஜான் ஃபா திருப்பிக் கேட்கிறார். கோல்ட்டரின் அன்புக்கும் நீதிக்கும் உள்ள தூரம் அதுதான்.

ஆனாலும் ஜான் ஃபா வரும் பக்கங்களைவிட கோல்ட்டர் வரும் பக்கங்களைத்தான் நான் ஆவலோடு புரட்டினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டோனியை மயக்கிய அதே குரல் வாசிக்கிற நம்மையும் மயக்குகிறது; மயங்கியபடியே காய்ந்த மீனையும் பார்க்க வைக்கிறது பிரதி. அருவருப்பை மட்டும் தரும் வில்லன், அதிகாரம் எப்போதும் அசிங்கமான முகத்தோடுதான் வரும் என்று பழக்கிவிடுகிறான். பதினைந்து வயதில் ஒருத்தி கோல்ட்டரை வாசித்து ரசித்திருந்தால், இனிமையாகப் பேசிக்கொண்டு வருகிறவர்களின் பக்கத்தில் நிற்கும் குரங்கையும் ஒருமுறை பார்த்துவைப்பாள்.