40 கிலோபைட் ராஜ்ஜியம்

1985இல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட். படங்கள், இசை, எதிரிகள், எட்டு உலகங்கள், 32 லெவல்கள் எல்லாமே அதற்குள் அடக்கம். வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழும் காலை வணக்கப் படம்கூடப் பெரும்பாலும் இதைவிடப் பெரியது. நம்மூரில் டிவியோடு கேம் பெட்டியை இணைத்து, கேசட் செருகி இதை விளையாடி வளர்ந்தவர்கள் ஏராளம். வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். இரண்டும் ஒரே படம். ஒன்றுக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள், மற்றதற்குப் பச்சை.

இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த விளையாட்டின் ஒவ்வொரு லெவலும் இடநெருக்கடியில்தான் உருவம் பெற்றது. வடிவமைப்பாளர்கள் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் லெவல்களை கிராஃப் தாளில் கையால் வரைந்தார்கள். நிரலாளர்கள் அந்தக் கட்டங்களை எண்களாக மாற்றி உள்ளிட்டார்கள். அதன் பிறகுதான் திரையில் ஓட்டிப் பார்க்க முடியும். ஒரு குழாயை இரண்டு கட்டம் தள்ளி வைக்க வேண்டுமென்றால் மறுபடியும் தாள், மறுபடியும் எண்கள். குழாய் இங்கே, செங்கல் வரிசை அங்கே என்று ஒவ்வொரு பொருளையும் இரண்டே பைட்டில் குறித்துவைத்தார்கள். அப்படியும் போதாமல் சில லெவல்களைத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ஐந்தாம் உலகத்தின் மூன்றாவது லெவல், முதல் உலகத்தின் மூன்றாவது லெவலேதான். கொஞ்சம் கடினமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவே.

விளையாட்டில் நாம் முதலில் சந்திக்கும் எதிரி, காளான் வடிவக் கூம்பா. எதிரிகளில் கடைசியாக உருவானது அதுதான். ஆமை வடிவ எதிரியை முதலிலேயே நிறுத்தினால் புதியவர்களுக்குக் கடினமாக இருந்தது, அதனால் எளிமையான ஒன்று தேவைப்பட்டது. அதற்குள் நினைவகம் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. எனவே ஒரே படத்தை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் காட்டி அதை நடக்க வைத்தார்கள்.

அந்த முதல் லெவலையும் பிற்பகுதியில்தான் செய்தார்கள். மற்ற லெவல்களில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று புரிந்த பிறகுதானே முதல் பாடத்தை எழுத முடியும்? எதிரே கூம்பா வருகிறது, தொட்டால் செத்துப்போகிறோம், குதிக்கக் கற்றுக்கொள்கிறோம். அடுத்து ஒரு காளான் வெளிப்படுகிறது. அதுவும் எதிரியோ என்று பயந்து விலகப் பார்த்தால், காளான் குழாயில் முட்டி நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. தாண்டிக் குதித்தாலோ மேலிருக்கும் செங்கல் தலையில் இடித்து நம்மை அதன்மேலேயே இறக்கிவிடுகிறது. தொட்டதும் மாரியோ பெரிதாகிறான். இது நல்ல காளான் என்பதை ஒரு சொல் எழுதாமல் புரியவைத்துவிட்டார்கள். பிற்பாடு ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். அதற்கு முன்பே அதே போன்ற ஓர் இடைவெளி வருகிறது, ஆனால் அதற்கடியில் தரை இருக்கிறது. விழுந்தாலும் சாவதில்லை. நான் அறிந்த பாடத்திட்டங்களில் இவ்வளவு கனிவானவை சிலவே.

நின்டெண்டோவின் அடுத்த பெரிய விளையாட்டான செல்டாவில், 1986இல், இதைவிட வியப்பான ஒன்று இருக்கிறது. அதில் ஒன்பது பாதாளக் கோட்டைகள். கழுகு, பாம்பு, சிங்கம் என்று ஒவ்வொன்றின் வரைபடத்துக்கும் ஓர் உருவம். விளையாடும்போது அவை வெவ்வேறு இடங்களில் தனித்தனியாக இருக்கின்றன. நினைவகத்திலோ முதல் ஆறு கோட்டைகளும் 16க்கு 8 என்ற ஒரே கட்டப் பலகையில், ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு பொருந்தும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. கடைசி மூன்றும் இன்னொரு பலகையில். ஒதுக்கிய இடத்தில் பாதியிலேயே தெசுகா எல்லாக் கோட்டைகளையும் அடக்கிவிட்டார். கணக்குத் தவறிவிட்டது என்று அவர் திருத்தப் போக, இப்படியே இருக்கட்டும், மீதிப் பாதியில் இன்னொரு பயணத்தை வைப்போம் என்றார் மியாமோட்டோ. முடித்தவர்களுக்கு மாறிய கோட்டைகளோடு இரண்டாவது முறையாகத் தொடங்கும் அந்த ஆட்டம் அப்படிப் பிறந்ததுதான்.

வரைந்து சேமிக்க வழியே இல்லாதபோது கணிதம் கைகொடுத்தது. 1982இல் டேவிட் கிரேன் உருவாக்கிய பிட்ஃபால், 4 கிலோபைட் கேசட்டில் 255 காட்டுத் திரைகளைக் காட்டியது. எதுவுமே சேமித்து வைத்ததல்ல. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் 50 பைட்டுக்கும் குறைவான நிரல், எந்தத் திரையில் குழி, எதில் முதலை, எதில் கயிறு என்று முடிவு செய்தது. பின்னோக்கி ஓடினால் அதே வரிசை தலைகீழாகத் திரும்ப வந்தது. 2016இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை 18 குவின்டில்லியன் கிரகங்களைப் பிறப்பிப்பதும் இதே மரபில்தான்.

1993 டிசம்பரில் வந்த டூம், லெவல் செய்யும் வேலையின் தன்மையையே மாற்றியது. அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் தனக்கென ஒரு லெவல் எடிட்டரை எழுதிக்கொண்டது. மேலிருந்து பார்த்தபடி கோடு இழுத்தால் சுவர். தரைக்கும் கூரைக்கும் உயரம் கொடுத்தால் அறை. ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க முடியாது என்பது பலருக்கு விளையாடும்போது தெரிந்திருக்காது. அங்கே லெவல்களை வடிவமைத்த ஜான் ரோமேரோ தனக்கென்று சில விதிகளை வகுத்துக்கொண்டார். தரையின் தோற்றம் மாறினால் உயரமும் மாற வேண்டும். ஒளிக்கு அருகில் இருள் வேண்டும். ஜன்னல் வழியே வெளியே ஓர் இடம் தெரிந்தால் ஆட்டக்காரரால் அங்கே போக முடிய வேண்டும். முதல் பாகத்தின் புகழ்பெற்ற முதல் லெவலை, மியாமோட்டோ போலவே, அந்தப் பாகத்தின் மற்ற லெவல்களுக்குப் பிறகுதான் செய்தார். ஜப்பானில் ஒருவரும் டெக்சாஸில் ஒருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

லெவல்களைத் தனிக் கோப்பில் வைத்ததால் வெளியார்களும் டூமுக்கு லெவல் செய்யத் தொடங்கினார்கள். இப்படி வெளியிலிருந்து லெவல் செய்ய வந்தவர்களில் இங்கிலாந்தைச் சேர்ந்த டேவ் ஜான்ஸ்டனை மறக்கக் கூடாது. 1999இல், பள்ளிப் பருவத்தில், கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்காக டஸ்ட் என்ற மேப்பைச் செய்தார். 2001இல் டஸ்ட் 2. நம்மூர் பிரௌசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் ஆடப்பட்ட அந்த மணல் நிறத் தெருக்கள் ஓர் இளைஞர் வீட்டில் உட்கார்ந்து வரைந்தவை. இன்றைய கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இலும் டஸ்ட் 2 இருக்கிறது.

முப்பரிமாணம் வந்ததும் தட்டுப்பாடு வேறு வேடம் போட்டது. 1996இல் ரெசிடென்ட் ஈவிலில் ஒவ்வொரு கதவும் இருட்டில் மெதுவாகத் திறக்கும். பயமுறுத்த மட்டுமல்ல, அடுத்த அறையைத் தட்டிலிருந்து ஏற்றவும் அந்த நேரம் வேண்டியிருந்தது. 1999இன் சைலன்ட் ஹில்லில் ஊரை மூடியிருக்கும் பனிமூட்டம், தொலைவில் இருப்பதை வரைய பிளேஸ்டேஷனால் முடியாததை மறைத்தது. மறைக்க வந்த பனிதான் அந்த விளையாட்டின் ஆன்மாவாக ஆனது. 2007இன் மாஸ் எஃபெக்டில் நீண்ட லிஃப்ட் பயணங்கள். 2018இன் காட் ஆஃப் வாரில் பாறை இடுக்குகளில் உடலைத் திணித்து நகரும் காட்சிகள். எல்லாமே காத்திருப்பு தெரியாமல் காக்க வைக்கும் வழிகள்.

அந்தத் தேவை இன்று குறைந்துவிட்டது. 2020இல் பிளேஸ்டேஷன் 5ஐ விளக்கும்போது அதை வடிவமைத்த மார்க் செர்னி ஒரு தகவல் சொன்னார். ஹார்ட் டிஸ்க்கின் வேகம் போதாததால், ஸ்பைடர்-மேன் விளையாட்டில் சில பொருள்களின் தரவு 400 முறை பிரதியெடுத்து வைக்கப்பட்டிருந்தது. நகரத்தின் எந்தப் பகுதியை ஏற்றினாலும் அங்கேயே தபால் பெட்டியின் தரவும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமாம். எஸ்எஸ்டி வந்ததும் அந்த நகல்களுக்கு வேலையில்லை. 2021இன் ராட்செட் அண்ட் கிளாங்கில் ஒரு பிளவுக்குள் தாவினால் கண நேரத்தில் வேறோர் உலகம். அதே ஆண்டு மறுபதிப்பாக வந்த மாஸ் எஃபெக்டில், லிஃப்ட் பயணத்தைத் தவிர்க்க ஒரு பொத்தானே வந்துவிட்டது.

இப்போது நினைவகமும் வேகமும் பெரிய தடையில்லை. வேறொன்று தடையாகிவிட்டது. 40 கிலோபைட் காலத்தில் திரையில் தெரிந்த ஒவ்வொரு செங்கலுக்கும் ஒரு வேலை இருந்தது, வேலையில்லாத செங்கலுக்கு இடமே கிடையாது. இன்று ஓர் அறையில் நூறு பொருள்கள் இருக்கின்றன. தொண்ணூற்றெட்டு வெறும் அலங்காரம். ஏற வேண்டிய ஏணி எது, உடைக்க வேண்டிய பெட்டி எது என்று ஆட்டக்காரருக்கு எப்படித் தெரியும்? 2023இல் வந்த புதிய ரெசிடென்ட் ஈவில் 4 அவற்றின் மேல் மஞ்சள் வண்ணம் பூசியது. ஆட்டக்காரர்கள் கோபப்பட்டார்கள். அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. மஞ்சள் பூச்சு சோம்பேறித்தனம் அல்ல, ஆனாலும் அது ஒரு தோல்வியின் அடையாளம். ஒளி, வடிவம், இடத்தின் அமைப்பு ஆகியவை சொல்ல வேண்டியதைச் சொல்லாதபோது பூசுவது அது.

இதே சிக்கலை நின்டெண்டோ வேறு விதமாக அணுகியது. 2017இன் பிரெத் ஆஃப் த வைல்டில் முதலில் கோபுரங்களைக் காட்டி ஆட்டக்காரரை இழுக்கப் பார்த்தார்கள். சோதித்தபோது பெரும்பாலானவர்கள் ஒரே வழியில் நடந்தார்கள், யாரோ கையைப் பிடித்து இழுத்துப்போவதுபோல் உணர்ந்தார்கள். ஆகவே நிலத்தையே முக்கோணங்களால் அமைத்தார்கள். மலையும் குன்றும் எதிரே இருப்பதை மறைக்கும், சுற்றிப் போவதா ஏறுவதா என்று நம்மைக் கேட்கும். சுற்றினால் மறைந்திருந்தது மெல்ல வெளிப்படும். மறைப்பதற்கு சைலன்ட் ஹில்லுக்குப் பனி தேவைப்பட்டது. இங்கே மலை அதைச் செய்கிறது, அதுவும் ஆவலைத் தூண்டுவதற்காக. தூரங்களைக் கணிக்க இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி தன் ஊரான கியோட்டோவின் வரைபடத்தை அந்த நிலத்தின் மேல் வைத்துப் பார்த்தார். தான் நடந்து பழகிய தெருக்களை அளவுகோலாகக் கொண்ட அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மாறாமல் இருப்பது, ஆட்டக்காரரைப் பார்த்துக் கற்கும் வழக்கம். 2007இல் வந்த ஹேலோ 3க்காக ஏறத்தாழ 600 பேரை 3,000 மணி நேரத்துக்கும் மேல் ஆட வைத்து, யார் எங்கே செத்தார்கள், எங்கே வழி தவறினார்கள் என்பதை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தார்கள். அந்தத் தவறுகளுக்கெல்லாம் ஆட்டக்காரரைக் குறை சொல்லாமல் லெவலைத்தான் திருத்தினார்கள்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் பெரிய கணினி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். டூமுக்கான லெவல் எடிட்டர்கள் இலவசம், கோடோ என்ஜினும் இலவசம். அவற்றைத் திறப்பதற்கு முன் ஒரு கிராஃப் தாளில் ஒரு லெவலை வரையுங்கள். அதைச் செய்து முடித்து, இந்த விளையாட்டை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் விளக்காமல், அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது லெவலை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள்.