மேடம், மதாம், மிஸ், மிஸஸ்... பெண்களை அழைக்கும் இந்தச் சொற்களின் கதை தெரியுமா?

புதுச்சேரியில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் காதில் விழும் சொல், 'மேடம்'. அதே ஊரில் பிரெஞ்சு பேசும் வீடுகளில் அது 'மதாம்'. கேட்க வேறு வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே சொல்தான். பிரெஞ்சில் 'மா தாம்' என்றால் 'என் தலைவி' என்று பொருள். அது இங்கிலாந்துக்குப் போய் 'மேடம்' ஆகி, ஆங்கிலத்தோடு இங்கே வந்தது. 'மதாம்' பிரெஞ்சுக்காரர்களோடு நேராகவே கப்பலேறி வந்துவிட்டது. 18-ம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பிலேயே, ஆளுநர் துய்ப்ளெக்ஸின் மனைவி 'மதாம்' என்றுதான் குறிப்பிடப்படுகிறார்.

மிஸஸ் என்றால் மனைவியா?

'மிஸ்', 'மிஸஸ்' இரண்டுமே 'மிஸ்ட்ரஸ்' என்ற சொல்லின் சுருக்கங்கள். அதன் பழைய பொருள் எஜமானி, அதாவது வீட்டையோ தொழிலையோ நிர்வகிப்பவர். 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சொந்தமாகத் தொழில் நடத்திய பெண், திருமணமாகாதவராக இருந்தாலும் 'மிஸஸ்'தான் என்கிறார் கேம்பிரிட்ஜ் வரலாற்றாய்வாளர் ஏமி எரிக்சன். அந்தஸ்தைச் சொன்ன சொல், பிறகுதான் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கும் சொல்லாகச் சுருங்கியது.

மிஸ்டரிடம் கேட்காத கேள்வி

'மிஸ்டர்' என்றால் அவருக்குத் திருமணமாகிவிட்டதா என்று தெரியாது. தெரிய வேண்டும் என்று யாரும் கேட்பதும் இல்லை. பெண்ணுக்கும் அப்படி ஒரு சொல் வேண்டும் என்று 1901-லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில நாளிதழ் ஒன்று யோசனை சொன்னது. அதுதான் 'எம்.எஸ்.' என்று இரண்டே எழுத்தில் எழுதும் சொல். உச்சரிப்பு கிட்டத்தட்ட 'மிஜ்'. குளோரியா ஸ்டைனம் உள்ளிட்டோர் 1970-களின் தொடக்கத்தில் இந்தப் பெயரிலேயே பத்திரிகை தொடங்க, சொல் பரவியது. ஆனாலும் 'நியூயார்க் டைம்ஸ்' அதை ஏற்றுக்கொண்டது 1986-ல்தான்!

பிரான்ஸும் தாமதம்தான். திருமணமாகாத பெண்ணைக் குறிக்கும் 'மத்மொசெல்' என்ற சொல்லை, 2012 பிப்ரவரியில்தான் அரசுப் படிவங்களிலிருந்து நீக்க உத்தரவிட்டது அந்நாட்டு அரசு. அதன்பின் எல்லாப் பெண்களும் 'மதாம்'தான்.

திருமதியா, செல்வியா?

நம் படிவங்களில் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. ஆணுக்கு 'திரு' என்ற ஒரே கட்டம். பெண்ணுக்கோ இரண்டு. கணவரை இழந்தவரும் விவாகரத்தானவரும் எதை டிக் செய்வது? கவுன்ட்டரில் வரிசையில் நிற்கும்போது, முன்பின் தெரியாதவரிடம் சொந்த வாழ்க்கையை விளக்க வேண்டிய சங்கடம் பெண்ணுக்கு மட்டும்தான்.

இதற்கு வழி தமிழிலேயே இருக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் பொதுவான 'திருமிகு' என்ற சொல்லைச் சிலர் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். பள்ளிகளிலும் கல்யாணமான டீச்சர், ஆகாத டீச்சர் எல்லோருமே பிள்ளைகளுக்கு 'மிஸ்'தான்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர், 'வாங்கக்கா' என்று கூப்பிடும் முன் கல்யாணம் ஆயிடுச்சா என்று விசாரிப்பதில்லை. மார்க்கெட்டில் தேவைப்படாத கேள்வி, படிவத்தில் மட்டும் எதற்கு?